ருப்பியா எந்த ஊரில் தங்குகிறது?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கணக்காளர் வேலைக்காக ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கும் டார்வினுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. "பூர்வகுடிகளின் தொழிலுக்கும் வேலைவாய்ப்புக்கும் அரசு கோடிக்கணக்கில் கொட்டுகிறது, ஆனாலும் அந்தத் தொலைதூர ஊர்களில் யாரும் வேலைக்குப் போவதில்லை" என்று அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். அது உண்மையா, அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், அப்படி ஓர் ஊரின் நிறுவனத்திலிருந்து உங்களுக்கே வேலை வந்திருக்கிறது, போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: குறை அந்த மக்களிடமா, திட்டங்களிலா? பதினான்கு ஆண்டுகளாக வடக்குப் பிராந்தியத்தில் பூர்வகுடி நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதியும் தணிக்கைக்குத் தயார் செய்து கொடுத்தும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் அறிந்தது, டார்வினுக்குக் கிழக்கே விரியும் பூர்வகுடிப் பகுதியான அர்னம் நிலமும், கேத்தரின் நகரத்துப் பக்கமும்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவைப் போல இரும்புச் சுரங்கம் வாசலிலேயே இருக்கும் ஊர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கு அர்னம் நிலத்தின் யோல்ங்கு மக்கள் காசை 'ருப்பியா' என்பார்கள். முதன்முறை அதைக் காதில் கேட்டபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். நம் ரூபாய்க்கு உறவுச் சொல்தான் அது. இன்றைய இந்தோனேசியாவின் மக்காசர் துறைமுகத்திலிருந்து பாய்விரித்து வந்த வணிகர்கள் விட்டுப்போனது. அவர்கள் தேடி வந்தது கடல் அட்டை. மன்னார் வளைகுடாவில் நம் ஆட்கள் எடுத்த அதே சரக்கு, போய்ச் சேர்ந்ததும் அதே சீனச் சந்தைக்குத்தான். வெள்ளையர் இந்தக் கரையில் குடியேறுவதற்கு முன்பிருந்தே, ஆண்டுதோறும் மழைக்காற்றோடு வந்து காற்று திரும்பியதும் அவர்கள் போய்விடுவார்கள். யோல்ங்கு மக்கள் அவர்களோடு உழைத்து இரும்பும் துணியும் அரிசியும் புகையிலையும் பெற்றார்கள். சிலர் அந்தப் படகுகளிலேயே மக்காசர் வரை போய் வந்தார்கள். சந்தை வற்றி அந்த வணிகம் நிற்கவில்லை. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட தெற்கு ஆஸ்திரேலிய அரசு உரிமம் தர மறுத்ததால் 1907-இல் கடைசிப் படகு திரும்பியது. "இவர்களுக்கு வியாபாரம் பழக்கமில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

உழைப்பும் அவர்களுக்குப் புதிதல்ல. வடக்கின் கால்நடைப் பண்ணைகள் பல தலைமுறைகளாக அவர்கள் உழைப்பில்தான் நடந்தன. கூலி பெரும்பாலும் மாவு, தேயிலை, சர்க்கரை. காசாகக் கொடுத்தது சொற்பம், பல இடங்களில் அதுவும் இல்லை. 1966-இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறியது ஊதியத்துக்காகவும் நிலத்துக்காகவும். அதே ஆண்டு வந்த சம ஊதியத் தீர்ப்பு 1968 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, சம்பளம் கொடுக்க மனமில்லாத பண்ணைகள் பல குடும்பங்களையே வெளியேற்றின. வடக்குப் பிராந்தியத்தில் 1933 முதல் 1971 வரை கொடுக்காமல் வைத்த கூலிக்காகத் தொடுத்த கூட்டு வழக்கில், 202 மில்லியன் டாலர் வரை கொடுக்க ஆஸ்திரேலிய அரசு ஒப்புக்கொண்டது. அந்தக் காசு கைக்கு வருவதற்குள் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள்.

இனி இன்றைய நிலை. இந்த ஊர்கள் பெரும்பாலும் மிஷன்களாகவோ ரேஷன் கொடுக்கும் இடங்களாகவோ தொடங்கியவை. தொழிலையோ சந்தையையோ பார்த்து யாரும் இடம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயிரம் பேர் வாழும் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி, மருத்துவ நிலையம், கடை, கவுன்சில், விமான ஓடுதளம். அவ்வளவுதான் வேலை கொடுக்கும் இடங்கள். ஆசிரியரும் செவிலியரும் வெளியிலிருந்து வருகிறார்கள், அவர்களுக்கு வீடும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. உள்ளூர்க்காரர் மூன்று அறை வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேரோடு தூங்கி எழுந்து வேலைக்கு வர வேண்டும். மழைக்காலம் வந்தால் மாதக்கணக்கில் சாலை மூடிக்கிடக்கும். சரக்கு பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகில் வரும், ஆள் சிறு விமானத்தில். 2021 கணக்கெடுப்பில், மிகத் தொலைதூரப் பகுதிகளில் 25 முதல் 64 வயது வரையிலான பூர்வகுடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் வேலை இருந்தது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல். ஆகவே உங்கள் அலுவலகத்தில் சொல்வதில் எண்ணிக்கை தப்பில்லை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தப்பு.

தொழில் தொடங்குவதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நிலவுரிமைச் சட்டத்தால் இந்தப் பிராந்தியத்தின் நிலத்தில் ஏறக்குறைய பாதி பூர்வகுடிகளுக்குத் திரும்பியது. அது கூட்டு உரிமை நிலம், விற்க முடியாது. அதனால்தான் இன்றுவரை கைவிட்டுப் போகாமல் இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் விற்க முடியாத நிலத்தை வங்கி அடமானமாக ஏற்பதில்லை. நம் ஊரில் சிறு தொழில்காரர் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவாரே, அந்த முதல் படியே இங்கே இல்லை. இன்டிஜினஸ் பிசினஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு இந்த இடைவெளிக்காகத்தான் கடன் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கடனில் தொழில் நடத்தத் தேவையான வாடிக்கையாளர் கூட்டமும் போக்குவரத்தும் நகரங்களில்தான் இருக்கின்றன.

இப்போது திட்டங்கள். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த ஊர் மக்கள் தாங்களே செய்ய விரும்பும் வேலையைச் செய்யச் சொல்லி, அதற்குக் கூலி கொடுப்பவராக அரசு நின்ற காலங்களில் பலன் கிடைத்தது. வேலையில்லாதவரைக் கண்காணிக்கும் மேஸ்திரியாக அரசு நின்ற காலங்களில் பணமும் போனது, மானமும் போனது.

1977-இல் சி.டி.இ.பி. என்ற சமூக வேலைத் திட்டம் தொடங்கியது. முதலில் நடைமுறைக்கு வந்த இடம் கேத்தரினுக்குக் கிழக்கே இருக்கும் பாம்யிலி, இப்போதைய பரங்கா. வேலையில்லாதோருக்கான உதவித்தொகையைத் தனித்தனி ஆளுக்கு அனுப்பாமல், ஏறக்குறைய அதே தொகையை மொத்தமாக ஊர் நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார்கள். உபகரணத்துக்கும் நிர்வாகத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக வரும். என்ன வேலை என்பதை ஊரே முடிவு செய்யும். வாரத்தில் பாதி நாள் வேலை. வராத நேரத்துக்குச் சம்பளம் இல்லை. கூடுதலாக உழைத்தால் கூடுதலாகச் சம்பாதிக்கலாம், அடிப்படைத் தொகை குறையாது. கணக்காளராக நீங்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விதியைத்தான். ஓவியக் கூடங்கள், இரவு ரோந்து, குப்பை வண்டி, தோட்டம், காட்டையும் நிலத்தையும் பராமரிக்கும் முதல் ரேஞ்சர் குழுக்கள் எல்லாம் இந்தக் காசில்தான் முளைத்தன. 2000-களின் தொடக்கத்தில் இதில் சுமார் 35,000 பேர் இருந்தார்கள்.

அதில் குறை இல்லாமல் இல்லை. நகரத்தில் முழுச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய துப்புரவு, பராமரிப்பு வேலைகளை மாநில, பிராந்திய அரசுகள் இதைக் காட்டி மலிவாக முடித்துக்கொண்டன. பள்ளி உதவியாளராக இருபது ஆண்டு உழைத்தவர் பாதிச் சம்பளத்தோடே ஓய்வுபெற்ற கதைகள் எனக்குத் தெரியும். அதைத் திருத்தியிருக்கலாம். ஆனால் 2007-இல் வடக்குப் பிராந்தியத்தில் ஹாவர்ட் அரசு அவசரத் தலையீடு என்று இறங்கியபோது திட்டத்தையே மூடத் தொடங்கினார்கள். உதவித்தொகையின் பாதியை எதற்குச் செலவிடலாம் என்று அரசு கட்டுப்படுத்த விரும்பியது, சி.டி.இ.பி. தொகை சம்பளமாகக் கருதப்பட்டதால் அதில் கைவைக்க முடியவில்லை. மூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்து வந்த அரசு சில மாற்றங்களோடு இழுத்து, பின் அதுவும் படிப்படியாக நிறுத்தியது.

2015 ஜூலையில் வந்த சி.டி.பி. இதற்கு நேர்மாறு. பெயரில் ஓர் எழுத்துதான் குறைவு. வாரத்துக்கு 25 மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், ஆண்டு முழுவதும் 'நடவடிக்கை'யில் கலந்துகொண்டால்தான் உதவித்தொகை. நகரத்தில் இருக்கும் வேலையில்லாதவருக்கு இவ்வளவு கடுமை இல்லை. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் சுமார் 10 டாலர் வந்தது. அப்போது நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 17 டாலருக்கு மேல். விடுப்பு கிடையாது, ஓய்வூதியச் சேமிப்பான சூப்பர் கிடையாது. ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் காசு பிடிப்பு. தொடர்ந்து தவறினால் எட்டு வாரம் வரை முழுக்க நிறுத்தம். இதில் இருந்த முப்பத்து சொச்சம் ஆயிரம் பேரில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பூர்வகுடிகள். நகர்ப்புறத் திட்டத்தில் இருந்தவர்கள் இவர்களைப் போல இருபது மடங்கு. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிய தண்டங்களைவிட இவர்கள் வாங்கியவை அதிகம்.

அந்த ஆண்டுகளில் நான் பார்த்த ஒரு கடையின் பேரேட்டில் வியாழக்கிழமை விற்பனை எங்கே சரிகிறது என்று பார்த்தே, அந்த வாரம் எத்தனை பேருக்குக் காசு பிடித்தார்கள் என்று ஊகிக்க முடிந்தது. செல்பேசி கோபுரம் விழுந்து கிடக்கும் ஊரில், உதவித்தொகை கொடுக்கும் சென்டர்லிங்க் என்ற அரசு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்கவில்லை என்பதற்காக ஒருவருடைய காசு நிற்கும். அவருக்கு ஆங்கிலம் மூன்றாவதோ நான்காவதோ மொழியாக இருக்கும். பலர் பட்டியலிலிருந்தே விலகிப் போனார்கள். வேலையும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. அவர்களுக்கும் சோறு போட்டது பாட்டிகளின் முதியோர் ஓய்வூதியம். 2020-இல் கொரோனாவுக்காகக் கட்டாயத்தை நிறுத்திவைத்து, இரண்டு வாரத்துக்கு 550 டாலர் கூடுதலாகவும் கொடுத்தபோது, அதே கடையில் இறைச்சியும் காய்கறியும் துணி துவைக்கும் எந்திரமும் விற்றன. 2021 மேயில் கட்டாயம் அதிகாரபூர்வமாக நீங்கியது. அந்த 25 மணி நேரக் காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

பலன் தந்தது எது என்று கேட்டால் தயங்காமல் ரேஞ்சர் வேலையைச் சொல்வேன். மேற்கு அர்னம் நிலத்தின் கற்பீடபூமியிலிருந்து கடந்த நூற்றாண்டில் மக்கள் மிஷன்களுக்கும் நகரங்களுக்கும் இறங்கிப் போனார்கள். காலங்காலமாக மழையில்லாத வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் ஆங்காங்கே சிறு தீ வைத்துப் புல்லைக் கழித்துவந்த பழக்கம் அதோடு நின்றது. விளைவாக, ஆகஸ்டுக்குப் பிறகு காய்ந்து கிடக்கும் காட்டில் மின்னல் விழுந்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் தீ ஓடியது. பர்தயால் லாஃப்டி நட்ஜமெரெக் என்ற மூத்த ஓவியர் தன் மக்களைத் திரும்ப அழைத்துப்போய் கபுல்வர்னம்யோவில் குடியிருப்பு அமைத்தார். மூத்தவர்களின் தீ அறிவும் அறிவியலாளர்களின் அளவீடும் சேர்ந்தபோது ஒன்று தெளிவானது: முன்கூட்டியே, சூடு குறைந்த சிறு தீ வைத்தால், பின்னால் வரும் பெருந்தீ குறைகிறது, காற்றில் கலக்கும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைகின்றன. 2006-இல் டார்வினின் எரிவாயு ஆலை தன் உமிழ்வுக்கு ஈடாக ஆண்டுக்கு 1 லட்சம் டன் குறைப்பை, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்து, 17 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2007-இல் மத்திய அரசும் ரேஞ்சர்களுக்கு முறையான சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. இன்று வடக்கு ஆஸ்திரேலியா முழுவதும் இப்படிக் கார்பன் வருமானம் பெறும் பூர்வகுடி நிறுவனங்கள் இருக்கின்றன.

இந்த வேலை மட்டும் ஏன் நிலைத்து நிற்கிறது? அந்த வேலையை டார்வினில் உட்கார்ந்து செய்ய முடியாது. அந்த மண்ணில் ஆள் இருக்க வேண்டும். எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது தீ வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது, யாரிடம் கேட்டுவிட்டு வைக்க வேண்டும் என்ற அறிவு அந்தக் குடும்பங்களிடம்தான் இருக்கிறது. அடமானத்துக்கு உதவாத அதே கூட்டு நிலவுரிமை இங்கே முதலாக மாறுகிறது. ரேஞ்சர் சட்டை போட்ட தாய்மாமனைப் பார்த்து மருமகன் வேலைக்குக் கேட்டு வருகிறான். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலை ரேஞ்சர் அலுவலகத்தில் நான் கேட்டதே இல்லை. காத்திருப்போர் பட்டியல்தான் நீளம்.

அடுத்தது அரசுக் கொள்முதல். 2015 ஜூலையில் மத்திய அரசு, தன் ஒப்பந்தங்களில் 3 சதவீதம் பூர்வகுடி நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது. தொலைதூரப் பகுதி ஒப்பந்தங்களையும், 80,000 முதல் 2 லட்சம் டாலர் வரையிலானவற்றையும் முதலில் அவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றும் விதித்தது. 2012-13-இல் வெறும் 62 லட்சம் டாலராக இருந்த கொள்முதல், கொள்கை வந்த பத்தாண்டில் மொத்தமாக 1,000 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டளவில் இது பெரிய வெற்றி, மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வி தொலைதூர ஊர்களைப் பற்றியது. தொலைதூர ஒப்பந்தத்தை எடுப்பவர் பூர்வகுடி நிறுவனமாக இருந்தால் போதும். அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. பெரிய தொகைகள் நகரத்து கட்டுமான, ஐ.டி., ஆலோசனை நிறுவனங்களுக்குப் போகின்றன. நம் ஊரில் பினாமி என்போமே, அந்த வித்தையும் உண்டு: பாதிப் பங்கைப் பூர்வகுடி ஒருவர் பேரில் எழுதிவிட்டு, லாபத்தையும் முடிவையும் வேறொருவர் வைத்துக்கொள்வது. இதைத் தடுக்கத்தான் 2026 ஜூலை முதல் 51 சதவீத உரிமையோ கட்டுப்பாடோ வேண்டும் என்று விதியை இறுக்குகிறார்கள். ஒரு சதவீதம் கூடினால் மட்டும் பினாமி ஒழியாது என்பது என் கருத்து; யார் கையெழுத்தில் காசோலை போகிறது என்று பார்க்க ஆள் வேண்டும்.

பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஒரு பில்லைக் காட்டிப் பதில் சொல்கிறேன். ஓர் ஊரில் பத்து வீடுகளில் குழாய் ஒழுகியது. மானியம் வந்தது. டார்வினிலிருந்து பிளம்பர் இரண்டு பேர் வாடகை விமானத்தில் வந்து, மூன்று இரவு விருந்தினர் விடுதியில் தங்கி, இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். பில்லில் பெரும்பகுதி விமானமும் தங்குமிடமும். அரசுக் கணக்கில் அது 'தொலைதூரப் பூர்வகுடி வீட்டுவசதிச் செலவு'. அந்த ஊரில் தங்கியது விடுதி வாடகையும், கடையில் அவர்கள் வாங்கிய சாப்பாட்டுக் காசும்தான். அதே ஊரில் பிளம்பிங் சான்றிதழின் முதல் நிலையை முடித்த இளைஞர்கள் மூவர் இருந்தார்கள். மேற்பார்வையிட உரிமம் பெற்ற பிளம்பர் உள்ளூரில் இல்லாததால் அவர்களால் குழாயைத் தொட முடியவில்லை. ஒரு பிளம்பரைக் குடும்பத்தோடு இரண்டு ஆண்டு குடியமர்த்த வீடு இல்லை. பயிற்சிக்கு ஒரு துறை, வீட்டுக்கு ஒரு துறை, பழுதுக்கு ஒரு துறை; மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை.

இப்போது புதிய திட்டம் ஒன்று ஓடுகிறது. 2024 இறுதியில் தொடங்கியது. 707 மில்லியன் டாலர் செலவில் மூன்று ஆண்டுகளில் 3,000 வேலைகள் என்று அப்போது அறிவித்தார்கள். சட்டப்படியான சம்பளம், விடுப்பு, சூப்பர் எல்லாம் உண்டு. என்ன வேலை என்பதில் ஊர் நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு. பழைய சி.டி.பி.-க்குப் பதிலாக 2025 நவம்பரில் வேறு சேவையும் வந்திருக்கிறது. திசை சரி; ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்துப் பரங்காவில் தொடங்கிய யோசனைக்கே, இந்த முறை முழுச் சம்பளத்தோடு, திரும்பியிருக்கிறோம். அளவுதான் போதாது. வேலை தேடுவோர் பல்லாயிரம் பேர் இருக்கும் இடத்தில் 3,000 என்பது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மூன்று ஆண்டு மானியம் முடிந்தபின் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பார் என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை.

நிபுணர்களே ஒத்துப்போகாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். சி.டி.இ.பி. மக்களை வெளி வேலைக்கு ஏற்றிவிட்டதா, அங்கேயே உட்கார வைத்ததா என்பதில் பொருளியலாளர்களிடையே வழக்கு தீரவில்லை. பழைய, புதிய வேலைவாய்ப்பு விகிதங்களை ஒப்பிடுவதும் சிக்கல். சி.டி.இ.பி.-யில் இருந்தவர்கள் வேலையில் இருப்பவர்களாக எண்ணப்பட்டார்கள். திட்டம் மூடியதும் அந்த எண்ணிக்கை தாள்மேல் மாயமானது. ஊர் நிறுவனங்களுக்குள்ளும் பழுது உண்டு. உறவுக்காரருக்குச் சலுகை காட்டும் இயக்குநர் குழுக்களையும், நிர்வாகி வண்டியை விற்றுவிட்டுப் போன கணக்கையும் நான் தணிக்கைக்குத் தயார் செய்திருக்கிறேன். சாவு வீடு என்றால் வாரக்கணக்கில் ஊரே வேலையை நிறுத்தும். நமக்கு இது புரியாததல்ல. பதினாறாம் நாள் காரியம் வரை அசையாத குடும்பங்களில் வளர்ந்தவர்கள்தானே நாம். அதைக் கணக்கில் வைத்துப் பணிமுறை அமைத்த நிறுவனங்கள் ஓடுகின்றன.

வேலைக்குப் போகலாமா என்றால், போங்கள். போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். கான்பராவில் இருக்கும் பூர்வகுடி நிறுவனப் பதிவாளரின் இணையப் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். நிதியறிக்கைகள் பொதுவில் இருக்கும், காசு கட்ட வேண்டாம். மூன்று ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து, சம்பளம் என்ற வரியையும், ஒப்பந்தக்காரர், ஆலோசனை, பயணம் என்ற வரிகளையும் ஒப்பிடுங்கள். முன்னது வளர்ந்தால் நல்ல இடம். பின்னது வளர்ந்தால் நேர்காணலில் ஏன் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் விளக்கினால் அதுவும் நல்ல இடம்தான். இன்னொன்றையும் கேளுங்கள்: முன்பிருந்த கணக்காளர் உள்ளூரில் யாருக்குச் சம்பளப் பட்டியல் போடக் கற்றுக்கொடுத்தார்? யாருக்கும் இல்லை என்று பதில் வந்தால், வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று உங்கள் பணி ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். நான் முதல் ஐந்து ஆண்டுகள் அதைக் கேட்காமல் விட்டேன். நான் விடுப்பில் போன வாரங்களில் எழுபது பேருடைய சம்பளத்தை டார்வினிலிருந்து ஒருவர் வந்து போட்டார், அவருக்கும் விமானச் செலவு அந்த ஊர்க் கணக்கிலிருந்துதான் போனது.